14 வயசுப் பூனை மெலிந்துகொண்டே போகிறது, எடையைப் பிடித்து நிறுத்த என்ன கொடுக்கலாம்?

பனங்காடு (தக்கலை):
எங்கள் வீட்டு அம்மிணிக்கு 14 வயசு முடிந்துவிட்டது. போன வருஷம் ஊசி போடப் போனபோது 4.3 கிலோ இருந்தாள், இப்போது 3.4 தான். முதுகைத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுகிறது, ஆனால் அடிவயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் யாருக்கும் அவள் மெலிந்திருப்பது தெரியவே இல்லை. சாப்பாடு சின்னதிலிருந்தே அவித்த சாளையும் சோறும், சாளை இல்லையென்றால் நெத்தோலி. மீன் இல்லாத நாள் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். ஜூன் 1 பிறந்தால் மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை வந்துவிடும், ஜூலை 31 வரை எங்கள் சந்தையில் மீன் குறைந்துவிடும், அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதே பயமாக இருக்கிறது. இன்னொன்று, இப்போதெல்லாம் அவளை அடிக்கடி துணி துவைக்கிற வாளிப் பக்கம்தான் பார்க்க முடிகிறது, தண்ணீர் நிறையக் குடிக்கிறாள். அம்மா "வயசாயிட்டுல்லா, இனி அப்படித்தான் இருக்கும்" என்கிறார். பக்கத்து வீட்டில் பாலும் நெய்யும் கொடுக்கச் சொல்கிறார்கள். என்ன கொடுத்தால் சதை பிடிக்கும்? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

விளவங்கோட்டுக்காரி:
நெய், பால் எல்லாம் அப்புறம். முதலில் ரத்தம் எடுத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தில் 900 கிராம் என்றால் அவள் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கிறது, அதை வயசுக் கணக்கில் எழுதிவிட்டு விடவே கூடாது. எங்கள் வீட்டுப் பூச்சை மெலிந்தபோது எங்களுக்கும் எல்லோரும் வயசு என்றுதான் சொன்னார்கள். அது தட்டை நக்கிக் காலி செய்துவிட்டு மறுபடியும் கேட்கும், ராத்திரி ஆனால் அடுக்களையில் நின்று ஊளையிடுகிற மாதிரி கத்தும், அப்படித் தின்றும் உடம்பு இளைத்துக்கொண்டே போனது. டி4 என்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்ததில் தைராய்டு ஏறியிருப்பது தெரிந்தது. மாத்திரை தொடங்கி அளவு சரியானதும் கத்தலும் நின்றது, சதையும் திரும்ப வந்தது. அம்மிணி தின்பது கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அதே அளவுதானா? இதைக் கவனித்துச் சொல்லுங்கள், டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.

பனங்காடு:
அக்கா, குறைந்திருக்கிறது. ஆசையாக வந்து நிற்பாள், இரண்டு வாய் தின்பாள், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லுவாள், ஒரு துண்டு கீழே விழும், அதோடு போய்விடுவாள்.

நாஞ்சில் கால்நடை:
சிறு பிராணி மருத்துவம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆசையாக வந்து, சாய்த்து மென்று, கீழே போட்டுவிட்டுப் போவது பல் அல்லது ஈறு வலிக்கு நல்ல அடையாளம். வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் தண்ணீர் அதிகமாகக் குடிப்பதைப் பல் வலியோடு மட்டும் சேர்த்துவிட முடியாது. வயசான பூனை மெலிந்து தண்ணீரும் அதிகம் குடித்தால் சிறுநீரகம், தைராய்டு, சர்க்கரை இந்த மூன்றையும் பார்க்காமல் விடக்கூடாது. ஒரே பூனைக்கு இரண்டு சேர்ந்தும் இருக்கும். தைராய்டு அதிகமாக இருக்கும்போது சிறுநீரகக் கோளாறு மறைந்திருந்து, மாத்திரை கொடுத்த பிறகு வெளியே தெரிவதும் உண்டு. அதனால் எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்துவிடுவது நல்லது.

ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவை மட்டும் எடுத்துவிட்டு "சிறுநீரகம் நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தி அடைய வேண்டாம். அது ஏறுவதற்குள் சிறுநீரகத்தின் வேலைத் திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். எஸ்டிஎம்ஏ என்ற இன்னொரு ரத்தப் பரிசோதனை கிடைத்தால் இன்னும் முன்னாலேயே தெரியும், சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்று பார்ப்பதும் முக்கியம். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், அது கூடினால் பூனைக்குத் திடீரென்று கண் தெரியாமல் போகலாம். உள்ளூரில் வசதி இல்லையென்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாகர்கோவிலில் இருந்து சுமார் 80 கிலோமீட்டர்தான்.

தொங்குகிற வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள். வயசான பூனைக்கு முதலில் கரைவது தசை, அது முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கையை ஓட்டினால்தான் தெரியும்.

பிறகு, எந்தக் காரணத்துக்காகவும் மனுஷர்களுக்கான பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பல் வலிக்குத்தானே என்று கால் மாத்திரை கொடுத்தாலும் பூனை செத்துப்போகும். பசி தூண்டுகிற மருந்து பூனைக்கும் இருக்கிறது, ஆனால் சிறுநீரகமும் ஈரலும் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அளவு முடிவு செய்ய முடியும்.

குளச்சல் காற்று:
மீன் விஷயத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், எங்கள் வீடு கடற்கரையில்தான், பூனைகளுக்குக் குறைவே இல்லை.

சாளையை அவித்துக் கொடுப்பது மிகச் சரி, அதை விடாதீர்கள். சாளை, நெத்தோலி இனத்து மீன்கள் பலவற்றில் பி1 வைட்டமினை அழிக்கிற ஒரு பொருள் இருக்கிறது, பச்சையாகவே தின்றுகொண்டிருந்தால் பூனைக்குப் பசி போய், தலை தொங்கி, நடை தள்ளாடும். அவித்தால் அந்தப் பொருள் கெட்டுவிடும். ஆனால் அவித்த சாளையும் சோறும் மட்டுமே முழுச் சாப்பாடு ஆகாது. சாளை மாதிரி கொழுப்பு அதிகமான மீன்களையே வருஷக்கணக்கில் கொடுத்தால் ஈ வைட்டமின் பற்றாமல் தோலுக்கு அடியில் இருக்கிற கொழுப்பு வீங்கி வலிக்கும், தொட்டாலே சீறும். சோறு வயிற்றை நிரப்பும், அம்மிணிக்கு வேண்டிய சதையை அது கொடுக்காது. இரண்டு வாய்தான் தின்கிறாள் என்றால் அந்த இரண்டு வாயிலும் சோறு எதற்கு? மீனும் கோழியுமாக இருக்கட்டும். முள்ளை எடுத்துவிடுங்கள், அதில் பாஸ்பரஸ் அதிகம், சிறுநீரகம் கெட்டிருந்தால் ஆகாது. கருவாடு வேண்டவே வேண்டாம், உப்பு. குழம்பில் கிடந்த மீனும் அப்படித்தான், உள்ளியும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும்.

தடைக்கால பயத்துக்கு ஒன்று சொல்கிறேன் மக்களே, ஜூன் வரும்வரை காத்திருக்காதீர்கள். வயசான பூனை ஒரே நாளில் மாறாது. இப்போதிருந்தே சாளையோடு ஒரு விரல் நுனி அளவு அவித்த கோழியைப் பிசைந்து வையுங்கள், அவள் அதைத் தின்னப் பழகிய பிறகு இன்னொரு விரல் நுனி. சாளை அவித்த வெந்நீரைக் கோழி மேல் ஊற்றினால் மணம் ஏறும், உப்புப் போடாமல் அவித்த தண்ணீராக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்து அப்படியே வைத்தால் மணமே இருக்காது, மூக்கு மங்கின பூனை தொடாது. கையில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிற மாதிரி வையுங்கள், அகலமான தட்டில், மீசை இடிக்காமல். ஒரு தடவையில் நிறைய வைக்காமல் நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக.

நாஞ்சில் கால்நடை:
அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி, ஒன்று சேர்க்கிறேன். வீட்டுச் சாப்பாட்டில் டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயமும் கண்ணும் கெடும், அவித்த தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பங்கு போய்விடும், அதனாலும் அந்தத் தண்ணீரை ஊற்றுவது நல்லது. முடிந்தால் பூனைக்கான ஈர உணவு டப்பா ஒன்றையும் பழக்குங்கள், அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், சத்தும் கணக்காக இருக்கும். நாய் உணவு வேண்டாம். ரத்த முடிவு வருவதற்கு முன்னால் சிறுநீரக நோய்க்கான தனி உணவை வாங்கிவிட வேண்டாம், அதில் புரதம் குறைவு, தசை கரைகிற பூனைக்குக் காரணமில்லாமல் கொடுக்கக்கூடாது.

புலியூர்க்குறிச்சி:
இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் 11 வயசுக் கடுவன் நேர் எதிர், 7 கிலோ, மூட்டு வலிக்கிறது போல, படி ஏறுவதில்லை. இரண்டு நாள் பட்டினி போட்டால் இறங்குமா?

நாஞ்சில் கால்நடை:
வேண்டவே வேண்டாம். குண்டான பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி மஞ்சள் காமாலை வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம் இறங்கினால் போதும், உங்கள் பூனைக்கு அது 70 கிராம். எதை எவ்வளவு தின்கிறது என்று எழுதிக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள், மூட்டு வலிக்கும் மருந்து இருக்கிறது. அம்மிணிக்கும் இதே எச்சரிக்கைதான், ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லையென்றால் அடுத்த நாள் காலையிலேயே கூட்டிப் போங்கள்.

விளவங்கோட்டுக்காரி:
எடை பார்க்க ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் பனங்காடு. குழந்தைகளுக்கான தராசு வாங்கிக்கொள்ளுங்கள், வாரம் ஒரு தடவை, அதே கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால். ஆள் ஏறி நிற்கிற தராசில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்றால் சின்ன வித்தியாசம் தெரியாது. 3.4 கிலோ பூனைக்கு 100 கிராம் போவது 60 கிலோ ஆளுக்கு ஒன்றே முக்கால் கிலோ போவதற்குச் சமம். காலண்டரில் எழுதி வைத்தால் அம்மாவும் பார்ப்பார்.

பனங்காடு:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை கூட்டிப் போக முடிவு செய்துவிட்டோம், அம்மாவும் கூட வருகிறார். வாளிக்கு மூடி போட்டுவிடலாமா, தண்ணீரைக் குறைத்தால் நல்லதா? அப்புறம், சிறுநீர் மாதிரியை வீட்டில் எப்படிப் பிடிப்பது?

நாஞ்சில் கால்நடை:
சோப்புத் தண்ணீர் வாளியை மூடுங்கள், அதற்குப் பதிலாக வீட்டில் மூன்று நான்கு இடத்தில் நல்ல தண்ணீர் வையுங்கள். குடிப்பதை எந்தக் காரணத்துக்கும் தடுக்கக்கூடாது, சிறுநீரில் வெளியே போவதை ஈடு கட்டத்தான் குடிக்கிறாள். மாதிரிக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம், அவள் சிறுநீர் கழிக்கிற மண் தட்டில் இருந்து எடுத்தால் அழுக்குச் சேர்ந்துவிடும். மூத்திரப்பையில் இருந்து மெல்லிய ஊசியில் டாக்டரே எடுத்துவிடுவார். கூடையில் அவள் படுக்கிற பழைய துணியைப் போட்டு, காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வண்டியில் மூச்சு இளைக்கும்.