ஃபவுண்டன் ஹில்ஸில் வீடு வாங்கலாமா? அம்மாவும் எங்களோடுதான் இருக்கப்போகிறார்

மல்லிகைப்பந்தல்:
வணக்கம். கணவருக்கு அரிசோனாவில் ஃபீனிக்ஸை அடுத்த சாண்ட்லரில் வேலை, அங்கேயே வாடகைக்கு இருக்கிறோம். சொந்த வீடு பார்க்கப் போன இடத்தில், ஃபீனிக்ஸ் பக்கத்திலேயே இருக்கும் ஃபவுண்டன் ஹில்ஸ் என்ற ஊர் இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. சுற்றிலும் மலை, நடுவில் ஏரி, இரைச்சலே இல்லாத தெருக்கள். விலை கூடுதல்தான், சமாளித்துவிடுவோம். என் கவலையெல்லாம் அம்மாதான். அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்டார், எழுபது வயது. கார் ஓட்டத் தெரியாது. காலையில் நடந்தே ஆக வேண்டும், பேச்சுத்துணையும் வேண்டும். வெயில், தேள், தண்ணீர் என்று ஆளுக்கொன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் உள்ளபடி சொல்லுங்களேன்.

கிழக்குவாசல்:
சாண்ட்லரை விட்டுப் போகாதீர்கள் என்பேன். இங்கே நம்மூர் மளிகைக்கடை பக்கத்தில். மாரிகோப்பாவில் இருக்கும் மகா கணபதி கோவிலுக்கு இங்கிருந்து அரைமணி நேரம், ஃபவுண்டன் ஹில்ஸிலிருந்து என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அம்மாவுக்குத் தமிழ் பேச ஆள் கிடைப்பதும் இந்தப் பக்கம்தான். ஊர் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

செம்மண்மேடு:
நாங்கள் ஃபவுண்டன் ஹில்ஸில்தான் இருக்கிறோம், மாமியாரும் எங்களோடு. கிழக்குவாசல் சொன்னது சரி, ஆனால் அதோடு முடிகிற விஷயம் இல்லை. வீட்டில் யார் கார் ஓட்ட மாட்டார்களோ அவர்களை வைத்துத்தான் தெருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வீடு காட்டுபவர்கள் முதலில் மேட்டு வீடுகளுக்குத்தான் கூட்டிப்போவார்கள். ஜன்னலைத் திறந்தால் ஏரியும் நீரூற்றும் மலையும் தெரியும், விலையும் அதற்கேற்றபடி. ஆனால் பல தெருக்களில் நடைபாதை கிடையாது, சரிவோ முழங்காலைப் பதம் பார்க்கும். அம்மா அந்த வீட்டில் அடைந்து கிடப்பார். இந்த ஊரில் பேருந்தையும் நம்ப முடியாது. காட்சி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஏரிக்கரைப் பூங்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் சமதரையில் ஒரு வீட்டைப் பாருங்கள்.

அந்த ஏரியைச் சுற்றியுள்ள பாதை ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதல். அரிசோனாவின் இந்தப் பகுதியில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதில்லை என்பதால் ஜூனில் ஐந்தேகால் வாக்கிலேயே பொழுது விடிந்துவிடும். மாமியார் அப்போது கிளம்பினால் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குப் பிறகு வெளியே விடுவதில்லை. 2023ல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 பாரன்ஹீட்டுக்குக் குறையாமல் அடித்ததே, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல், அந்தக் கோடையில்கூட அவர் காலை நடையை விடவில்லை. இங்கே கொஞ்சம் மேடு, கான்கிரீட்டும் குறைவு, அதனால் விடியற்காலையில் ஓரளவு தணிந்திருக்கும்.

பேச்சுத்துணை விஷயத்தில்தான் நீங்கள் நன்றாக யோசிக்க வேண்டும். இங்கே ஓய்வுபெற்றவர்கள் அதிகம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பெஞ்சுக்குப் பெஞ்சு வயதானவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், வணக்கம் சொல்லாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் தோட்டத்து எலுமிச்சையைப் பை நிறையக் கொண்டுவந்து தருவார். மாமியார் ஊறுகாய் போட்டு, காரம் குறைத்து ஒரு சின்ன பாட்டிலில் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த வார்த்தைகள் கொஞ்சம்தான், ஆனாலும் வேலியோரம் அரைமணி நேரம் ஓடிவிடும். மே பிறந்தால் வெயிலுக்குப் பயந்து அந்த அம்மாள் வடக்கே மினசோட்டாவுக்குக் கிளம்பிவிடுவார். அவரைப் போலப் பாதித் தெரு காலியாகிவிடும். அந்த மாதங்களில் மாமியாருக்கு உள்ள தனிமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வார இறுதியில் சாண்ட்லர் பக்கம் கூட்டிப்போய்விடுகிறோம். பீலைன் நெடுஞ்சாலை வழியாகப் போனால் நெரிசல் குறைவு, உங்கள் கணவருக்கும் அதுதான் வழி.

எங்களை இங்கே பிடித்து வைத்திருப்பது இரவு. தெருவிளக்குகள் மிகக் குறைவு, இருப்பவையும் வெளிச்சம் மேலே போகாதபடி மூடி போட்டவை. 2018ல் இந்த ஊருக்குச் சர்வதேச இருள்வான் ஊர் என்ற அங்கீகாரம் கிடைத்தது. ஃபீனிக்ஸ் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கார்த்திகை விண்மீன் கூட்டத்தைக் கொல்லையில் நின்றே பார்க்கலாம்.

மல்லிகைப்பந்தல்:
மிக்க நன்றி. மேட்டு வீடு ஒன்றுக்குத்தான் பேசிக்கொண்டிருந்தோம், அதை இப்போதே நிறுத்தி வைக்கிறேன். தேள், தண்ணீர் பற்றியும் சொல்லுங்கள்.

பாலைநிலா:
தேள் உண்டு. இங்குள்ள மரப்பட்டைத் தேள் (bark scorpion) சுவரில் ஏறும், கொட்டினால் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கடுமையாக இருக்கும். புற ஊதா டார்ச் வாங்கி இரவில் மதில்சுவரில் அடித்துப் பாருங்கள், பச்சையாக மின்னும். கதவுக்கு அடியில் உள்ள இடுக்கை அடைத்துவிடுங்கள். அம்மா வெறுங்காலோடு முற்றத்தில் இறங்க வேண்டாம், செருப்பையும் உதறிவிட்டுத்தான் போட வேண்டும்.

இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. இந்த மண்ணில் ஒரு பூஞ்சை இருக்கிறது, தூசியோடு நுரையீரலுக்குள் போனால் வேலி ஃபீவர் (Valley fever) என்ற நோய் வரும். அம்மாவுக்கு இருமலும் அசதியும் வாரக்கணக்கில் விடாமல் இருந்தால், அதற்கான ரத்தப் பரிசோதனையை நீங்களே கேட்டு வாங்குங்கள். புழுதிப்புயல் அன்று ஜன்னலைத் திறக்காதீர்கள்.

செம்மண்மேடு:
தண்ணீருக்கு வருகிறேன். ஊருக்குள் குழாய் இணைப்பு உண்டு. பெரும்பங்கு கொலராடோ ஆற்றுத் தண்ணீர், ஹவாசு ஏரியிலிருந்து 336 மைல் நீளக் கால்வாயில் பாலைவனத்தைத் தாண்டி வருவது. உப்பு படியும் கடினநீர் என்பதால் மென்னீர்க் கருவி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பூங்காவிலுள்ள ஏரியையும் நீரூற்றையும் பார்த்து இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறார்களே என்று அம்மா கேட்பார், எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். அது சுத்திகரித்த கழிவுநீர், குடிநீர் இல்லை.

விலை குறைவு என்று வடக்கே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் பக்கம் போய்விடாதீர்கள். அங்கே பல வீடுகளுக்கு லாரித் தண்ணீர்தான். 2023 ஜனவரி 1 முதல் ஸ்காட்ஸ்டேல் நகரம் அந்த லாரிகளுக்குத் தண்ணீர் தருவதை நிறுத்தியதும் சனங்கள் மழைநீரைப் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றினார்கள். எந்த வீடாக இருந்தாலும் தண்ணீர் எங்கிருந்து, யார் பொறுப்பில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.

அப்புறம், வீடு பார்க்கப் பிப்ரவரியில் வராதீர்கள், ஜூலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முந்தின நாள் இங்கே ஒரு வரி எழுதுங்கள், மாமியாரைப் பூங்காவில் இருக்கச் சொல்கிறேன். காலை ஐந்தரைக்கு வந்துவிட வேண்டும்.