இஸ்ரேலிலிருந்து இந்தியா சுற்ற வருகிறவர்களோடு பழகியவர்கள் சொல்லுங்கள்

சென்னைக்காரி

எங்கள் டீமில் டெல் அவிவிலிருந்து வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் மகள் ராணுவச் சேவையை முடித்துவிட்டாள். அங்கே வழக்கம் போல, சில மாதம் ஒரு ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்துவிட்டுத் தோழியோடு இந்தியா வருகிறாளாம். அம்மாவிடமிருந்து தினமும் எனக்குக் கேள்வி வருகிறது. எந்த மாதம் எங்கே போவது, பணத்துக்கு என்ன வழி, பாதுகாப்பு எப்படி என்று. நானோ மகாபலிபுரம் தாண்டாத ஆள். இந்தப் பயணிகளுக்கு இடம் கொடுத்தவர்கள், வண்டி ஓட்டியவர்கள், கூட நடந்தவர்கள் நீங்கள் பார்த்ததைச் சொன்னால் அப்படியே அவரிடம் சொல்லிவிடுவேன். அரசியல் மட்டும் வேண்டாம், அதைப் பேச வேறு இடம் இருக்கிறது.

வட்டக்கானல் வாசி

கொடைக்கானல் டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் 'குட்டி இஸ்ரேல்' என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அறை விட்டுத்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இவர்கள் தேதி வைத்துத் திட்டம் போடுவதில்லை, பருவம் வைத்துப் போடுகிறார்கள். வெயில் காலத்தில் இமாச்சலம்: தர்மகோட், பழைய மணாலி, காசோல். மழை முடிந்ததும் புஷ்கர். குளிர் வந்தால் கோவா, ஹம்பி, கோகர்ணா, வர்க்கலா, நடுவில் நாங்கள். ஒவ்வொரு இடத்திலும் முந்தின வாரம் அங்கே இருந்தவனிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்வார்கள். எந்த வீட்டில் வெந்நீர் வரும், எந்த அக்கா சமையலறையைக் கடனாகக் கொடுப்பாள் என்பது வரை எனக்கு முன்னாலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே அந்த அம்மா பயணம் முழுவதற்கும் ஓட்டல் புக் செய்து கொடுக்க நினைத்தால் தடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று இரவுக்கு மட்டும் போதும். ஒன்றே ஒன்று, ஜூலை ஆகஸ்டில் காசோல் பக்கம் மண்சரிவு சகஜம். அந்த இரண்டு மாதமும் லடாக்கிலோ ஸ்பிதியிலோ இருந்தால் மழைத் தொந்தரவு குறைவு, போய்ச் சேர்கிற சாலைதான் சில நாள் பொறுமையைச் சோதிக்கும்.

விசா விஷயத்தில் அடிக்கடி ஒரு குழப்பம் வரும். ஓராண்டு இ-விசா கையில் இருந்தால் ஓராண்டும் இங்கேயே இருக்கலாம் என்று நினைத்து வருகிறார்கள். விசா செல்லும் காலம் வேறு, ஒரு தடவை வந்தால் தொடர்ந்து தங்கும் காலம் வேறு. பெரும்பாலான நாட்டுக்காரர்களுக்கு அது 90 நாள்தான். பாதிப் பயணத்தை நேபாளத்தில் வைத்துக்கொள்கிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். வெளிநாட்டவர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் நாங்கள் அவர்கள் விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலை போனில் வைத்திருந்தாலும் காகிதத்திலும் நாலைந்து எடுத்து வரச் சொல்லுங்கள். சிம் கார்டு வாங்கவும் அது வேண்டும். வாகனத்தில் கொடைக்கானல் ஏற 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம். வெளிநாட்டவர் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் அடிவாரச் சோதனைச் சாவடியில் டாக்ஸிக்குள் உட்கார்ந்து கொண்டு எனக்குப் போன் போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இஸ்ரேல் பணமான ஷெக்கல் நோட்டை இங்கே யாரும் மாற்றித் தர மாட்டார்கள், டாலர் கொண்டு வரட்டும். டீக்கடையில் எல்லாரும் க்யூஆர் ஸ்கேன் செய்துகொண்டிருக்க, இவர்கள் 500 ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். சில்லறை கட்டாயம்.

அம்மாமார்கள் பாதுகாப்பு என்றால் குண்டைத்தான் நினைக்கிறார்கள். அந்தப் பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். 2016-ல் கேரளத்தில் தேசியப் புலனாய்வு முகமை பிடித்த ஒரு கும்பலின் வழக்கில் வட்டக்கானல் பெயரும் வந்தது, அதற்குப் பிறகு இங்கே போலீஸ் நிற்பதை நாங்கள் பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் என் வாசலில் நான் கண்ட விபத்தெல்லாம் வாடகை ஸ்கூட்டரில்தான். இரு சக்கர வண்டிக்கான பன்னாட்டு உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். கால் உடைந்த பையனை மதுரைக்கு அனுப்பிய அன்று அவனுடைய அப்பா போனில் கேட்ட முதல் கேள்வியே லைசென்ஸ் பற்றித்தான். அப்புறம், கஞ்சா. மலை என்றால் சட்டம் இல்லை என்று யாரோ இவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பிடிபட்டால் தூதரகம் வந்து பார்க்கும், ஆனால் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போகாது.

பேரம் பேசுவார்கள், நன்றாகவே பேசுவார்கள். கோபப்படாமல் திருப்பிப் பேசினால் அரை மணி நேரத்தில் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுவார்கள்.

கோவை நடைக்காரன்

அந்தப் பெண் மலையேறுகிற ஆளா? அப்படியானால் சாட்டிலைட் தொடர்புக் கருவியை இந்தியாவுக்குள் கொண்டு வர வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். கார்மின் இன்ரீச் மாதிரி கருவி மற்ற நாடுகளில் உயிர் காக்கும், இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் விமான நிலையத்திலேயே வழக்கு. வெளிநாட்டவர் பலர் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

நான் இவர்களோடு நடந்தது நேபாளத்தில், அன்னபூர்ணா சுற்றுப் பாதையில். மனாங்கில் உயரத்துக்கு உடம்பைப் பழக்க நாங்கள் நின்ற நாளில், அதே லாட்ஜில் ஐந்து பேர் கொண்ட ஒரு இஸ்ரேல் கூட்டம். காட்மாண்டு தாமேலில்தான் ஒருவரை ஒருவர் சந்தித்தார்களாம், பார்த்தால் பத்து வருட நண்பர்கள் போல. லாட்ஜ் முதலாளிக்கும் அவர்களுக்கும் வாய்ச்சண்டை. அறை வாடகை ஒன்றுமே இல்லாத அளவுக்கு மலிவு, ஏனென்றால் சாப்பாடு அங்கேதான் சாப்பிட வேண்டும் என்பது அந்த மலையின் எழுதாத ஒப்பந்தம். இவர்கள் தங்கள் அடுப்பை எடுத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருத்தி கோஷர், அதாவது யூத மத உணவு விதி, காரணம் சொன்னாள், மற்ற நாலு பேர் சிக்கனம்தான் என்று சிரித்தார்கள். கடைசியில் அவளுக்கு மட்டும் சமைக்க விட்டு, மற்றவர்கள் தால்பாத் சாப்பிட்டார்கள். உணவுக் கட்டுப்பாடு இருந்தால் அறை பேசும்போதே சொல்லி, அதற்கேற்ப வாடகை கூட்டிக் கொடுப்பதுதான் மரியாதை.

5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயைக் கடக்கும் முன்னால் வங்கக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். 2014 அக்டோபர் 12-ல் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயல், இரண்டு நாளில் அங்கே பனிப்புயலாக மாறி நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் இஸ்ரேலியர்களும் உண்டு. அவர்கள் அதிகம் நடக்கிற மாதமும் அதேதான். மீட்பு ஹெலிகாப்டர் செலவைச் சேர்த்த இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறக்கூடாது. 2023 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டவர் தனியாக மலை நடை போக வழிகாட்டி வேண்டும் என்று விதி இருக்கிறது, தோழிகள் இருவரும் அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கிவிடட்டும்.

பாலக்காட்டு வண்டி

எல்லாரும் இளவட்டம் பற்றியே பேசுகிறீர்கள். என் வண்டியில் ஏறியது மூன்று தலைமுறை: பாட்டி, மகள், பேரன்கள். நெகேவ் பாலைவனத்தில் நெவாட்டிம் என்ற ஊர், கொச்சியிலிருந்து போன யூதர்கள் குடியேறிய இடம். பாட்டி சின்னப் பெண்ணாக இருக்கும்போது கப்பல் ஏறியவர். மகளுக்கு மலையாளம் அரைகுறை, பேரன்களுக்குச் சுத்தமாக இல்லை. பாட்டியோ என்னிடம் மீன் விலை விசாரித்தார்.

மகள் போட்டு வந்த திட்டத்தில் கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள யூத ஜெப ஆலயம் சனிக்கிழமை. அவர்களுக்கே தெரிய வேண்டிய விஷயம், யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை பார்வையாளருக்கு மூடியிருக்கும். 1568-ல் கட்டிய அந்த ஆலயத்தைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். நான் ஞாயிறுக்கு மாற்றி, சேந்தமங்கலம், பரவூர் ஜெப ஆலயங்களையும் சேர்த்தேன், அவை இப்போது அருங்காட்சியகங்கள். எர்ணாகுளம் மார்க்கெட்டில் ஒரு கடை, முன்னால் செடிகளும் மீன் தொட்டிகளும், பின்னால் போனால் பழைய ஜெப ஆலயம். பாட்டி அங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்தார்.

மதப்பற்று உள்ள குடும்பம் என்றால் வெள்ளி மாலை பொழுது சாய்வதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும், சனி இரவு வரை வண்டி ஏற மாட்டார்கள், காசையும் தொட மாட்டார்கள். டிரைவருக்கு அது ஓய்வு நாள், ஆனால் அந்த நாளின் படியை முன்னாலேயே பேசிவிடுங்கள். வெள்ளி இரவு பஸ், ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சிலர் இதெல்லாம் பார்ப்பதில்லை.

பொத்துவில் பெடியன்

இந்தியா வாற ஆட்களில் கனபேர் இலங்கையையும் சேர்த்துத்தான் வருகிறார்கள், அதனால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் மே முதல் செப்டம்பர் வரை. தெற்கே வெலிகம பக்கம் நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை. டிசம்பரில் அறுகம்பைக்கு வந்து, கடல் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று என்னிடம் கேட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

2024 அக்டோபர் 23-ஆம் திகதி அறுகம்பையில் தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விட, இஸ்ரேலும் தன் ஆட்களை உடனே கிளம்பச் சொன்னது. முதல் நாள் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவர்கள் அடுத்த நாள் பையைக் கட்டிவிட்டார்கள். முற்பணம் திருப்பிக் கொடுப்பதா இல்லையா என்று ஊருக்குள் ஒரே பிரச்சினை. நான் பாதி கொடுத்தேன். அதனால் மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டாம், அவர்களுடைய அரசின் பயண எச்சரிக்கையைக் கிளம்பும் வாரமும் ஒருக்கா பார்க்க வேண்டும். மாலைதீவைத் திட்டத்தில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், 2025 ஏப்ரலில் இருந்து இஸ்ரேல் கடவுச்சீட்டோடு அங்கே இறங்க முடியாது.

சென்னைக்காரி

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன், ஸ்கூட்டர் பகுதியை மட்டும் இரண்டு தடவை. திரும்பிப் போகிற டிக்கெட் இப்போதே எடுக்கலாமா என்று கேட்கிறார்.

கோவை நடைக்காரன்

எடுக்கலாம், தேதி மாற்றக்கூடியதாக. 2018 மார்ச்சில் ஏர் இந்தியா சவுதி வான்வழியாக டெல்லி–டெல் அவிவ் நேர் விமானம் தொடங்கியது. 2023 அக்டோபருக்குப் பிறகு அது நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. 2025 ஜூனில் ஈரானோடு சண்டை வந்து வான்வெளி மூடியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இஸ்ரேலியர்கள் வெளிநாடுகளில் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதிரி ஒரு வாரம் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் சமாளிக்கிற அளவுக்குக் கையில் பணமும் விசாவில் நாளும் மிச்சம் இருக்கட்டும். தென்னிந்தியாவிலிருந்து கிளம்பினால் துபாய், அபுதாபி வழி வசதி. இங்கிருந்து அப்படியே தாய்லாந்து போகிற யோசனை இருந்தால், சென்னை–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து பாங்காக் இன்னொரு டிக்கெட் என்று மலிவாக வரும், அதில் மயங்க வேண்டாம். பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய மலேசியாவுக்குள் நுழைய வேண்டும், இஸ்ரேல் பாஸ்போர்ட்டுக்கு அங்கே கதவு திறக்காது. சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேர் விமானமே இருக்கிறது.