‘சாப்பிடவில்லையா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால்

கிழக்கு லண்டனிலிருந்து:

மருத்துவமனைகளில் தமிழ் முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறவள் நான். ஓரளவு ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட ‘இல்லை’ வருகிற இடத்தில் தடுமாறுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் பித்தப்பை அறுவைக்கு வந்திருந்தார். மயக்க மருந்து கொடுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். தாதி படிவத்தை நிரப்பிக்கொண்டே, ‘யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங் திஸ் மார்னிங்?’ என்றார். நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே, ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிவிட்டார். தாதியின் பேனா நின்றது. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு என்று அடுக்கடுக்காகக் கேள்விகள். அம்மா மிரண்டுபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘நான் ஒன்றும் சாப்பிடவில்லை பிள்ளை, தண்ணீர்கூடத் தொடவில்லை.’ அதை நான் ஆங்கிலத்தில் சொன்ன பிறகுதான் தாதி அடுத்த வரிக்குப் போனார். யாரும் உடன் இல்லாதிருந்தால் அன்றைக்கு அறுவையே தள்ளிப்போயிருக்கும்.

அம்மா சொன்னது தமிழுக்கு மிகச் சரியான பதில். ‘சாப்பிடவில்லையா?’ என்றால் ‘ஆமாம், சாப்பிடவில்லை’ என்போம். நீங்கள் சொல்வது சரி என்பதற்குத்தான் அந்த ‘ஆமாம்’. ஜப்பானியரும் சீனரும்கூட இப்படித்தான். ஆங்கிலத்தில் கேள்வியின் வடிவம் கணக்கில் வராது. சாப்பிட்டிருந்தால் யெஸ், சாப்பிடாவிட்டால் நோ, அவ்வளவுதான். ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதில் தடுமாறியவர்களே. பழைய வழக்கில் நேர்க் கேள்விக்கு ‘யே’, ‘நே’ என்றும், எதிர்மறைக் கேள்விக்கு ‘யெஸ்’, ‘நோ’ என்றும் தனித்தனிப் பதில்கள் இருந்தன. வில்லியம் டிண்டேல் தம் பைபிள் மொழிபெயர்ப்பில் இவற்றைக் குழப்பிவிட்டார் என்று ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1532இல் கண்டித்து எழுதினார். பிறகு அந்த வேறுபாடே மறைந்துவிட்டது.

மருந்துக் கடையில் வேறொரு சிக்கல். ‘யூ ஹேவ் டு’, ‘யூ மஸ்ட்’ இரண்டும் ‘செய்தாக வேண்டும்’ என்பதால், எதிர்மறையிலும் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் கட்டாயமில்லை. ‘யூ டோன்ட் ஹேவ் டு டேக் இட் வித் ஃபுட்’ என்று மருந்தாளர் சொன்னதைக் கேட்டு, சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கவே கூடாது என்று பட்டினி கிடந்த ஐயா ஒருவரை எனக்குத் தெரியும். சர்க்கரை நோயாளி. அவர் வீட்டார் சொன்னபோது நெஞ்சு பதறிவிட்டது.

இப்போது தாதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ‘சாப்பிடவில்லைதானே’ என்று கேட்க வேண்டாம், ‘கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்’ என்று கேளுங்கள். பதிலாக ஒரு நேரம் வரும். அதில் குழப்பத்துக்கே இடமில்லை.

நியூ ஜெர்சியிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் அலுவலகத் தொலைபேசிக் கூட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. அமெரிக்கர்கள் ‘கேன்ட்’ என்பதில் கடைசி ‘ட்’டைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார்கள். முடியும், முடியாது இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலவே விழும். உண்மையில் வேறுபாடு உயிரொலியில் இருக்கிறது. வேகமான பேச்சில் ‘முடியும்’ என்பது ‘கன்’ என்று தேய்ந்துபோகும்; ‘முடியாது’ அழுத்தத்தோடு முழுசாக ‘கேன்’ என்று நிற்கும். ஒருமுறை ‘கேன்’ என்று தெளிவாகக் காதில் விழுந்ததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சென்னையில் இருந்த குழுவினர் வார இறுதி முழுவதும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பாவம், அத்தனையும் வீண். அதிலிருந்து எங்கள் குழுவில் யாரும் ‘முடியுமா, முடியாதா’ என்று கேட்பதில்லை. ‘வெள்ளிக்கிழமையா, திங்கட்கிழமையா?’ என்று நாளைத்தான் கேட்கிறோம்.