காங்கேசன்துறைக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்? (புனைபெயர்களில் ஒரு விவாதம்)

வலிவடக்கு:

யாழ்ப்பாணக் குடாநாட்டிலை இருக்கிற காங்கேசன்துறைத் துறைமுகத்தைப் புனரமைக்க 2018 இல் இந்தியா 45.27 மில்லியன் டொலர் கடன் தர ஒப்பமிட்டது. 2024 இல் அந்த உதவி 61.5 மில்லியன் டொலர் நன்கொடை எண்டு மாறியிருக்கு. காசு வருது எண்டதிலை எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் 8 மீற்றர் ஆழம் போதும் எண்டு பேசுகினமே, அது எனக்குப் பெரிய பிழையாப் படுது.

கடலடியை எப்பவும் திரும்பத் தோண்டலாம். அலைதடுப்பை ஒருக்கால் கட்டினால் அது கட்டின இடந்தான். 8 மீற்றர்க் கப்பலுக்கு எண்டு அளந்து கட்டினால் உள்ளுக்கை 180 மீற்றர் நீளக் கப்பல் திரும்ப இடமிராது. பிறகு ஐம்பது வருசத்துக்கு வடக்கு அந்தளவுக்குள்ளைதான் கிடக்க வேணும். கொழும்பு மேற்கு முனையத்துக்கு 20 மீற்றர், தெற்கு முனையத்துக்கு 18, அம்பாந்தோட்டைக்கு 17. அங்காலை கேரளத்து விழிஞ்ஞத்துக்கு 2024 இலேயே தாய்க்கப்பல் (மிகப் பெரிய கொள்கலன் கப்பல்) வந்திட்டுது. நாங்களும் 16 மீற்றருக்குத் திட்டம் போட்டு அலைதடுப்பை வெளியிலை தள்ளிக் கட்ட வேணும்.

ஆழமானி:

அண்ணை, அலைதடுப்பை நகர்த்த முடியாது என்பது முழுக்கச் சரி. 16 மீற்றர் என்ற இடத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

விழிஞ்ஞம் சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து ஏறத்தாழ 10 கடல்மைல். கரைக்குக் கிட்டவே இயற்கையாக 18 மீற்றருக்கு மேல் ஆழம். அம்பாந்தோட்டையும் அந்தப் பாதையின் வாசலில் இருக்கிறது. இலங்கையின் தென்முனையான தெய்வேந்திரமுனையைக் கடக்கும் கப்பல் காங்கேசன்துறைக்கு வருவதென்றால் கிழக்குக் கரையைச் சுற்றி ஏறத்தாழ 300 கடல்மைல், திரும்பிப் போக இன்னொரு 300. 16 நொட் (மணிக்கு 16 கடல்மைல்) வேகத்தில் ஒன்றரை நாள் அதிலேயே போய்விடும். எந்தப் பெரிய கம்பனியும் கப்பலுக்குக் கப்பல் கொள்கலன் பெட்டி மாற்றுவதற்காக இந்தச் செலவைச் செய்யாது. மன்னார்ப் பக்கத்தால் குறுக்கே வரவும் வழியில்லை. சேதுக் கால்வாய் முடிந்திருந்தால்கூட அதன் ஆழம் 12 மீற்றர். 10 மீற்றர் அமிழும் கப்பல்தான் அதற்குள்ளால் போயிருக்கும். அதுவும் 2005 இல் தொடங்கி 2007 இல் இந்திய உச்ச நீதிமன்றத் தடையோடு நின்றுபோனது.

இன்னொன்று. 8 மீற்றர் ஆழம் என்றால் 8 மீற்றர் டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமிழும் அளவு) உள்ள கப்பல் வரலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பலின் அடிக்கும் கடலடிக்கும் இடையில் டிராஃப்டில் 15 சதவீதம் விட வேண்டும். 8 ஐ 1.15 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 7 மீற்றர். அந்த இடைவெளியை என்னென்ன தின்கிறது என்று பாருங்கள். ஆழம் குறைந்த தண்ணீரில் ஓடும்போது கப்பல் தானாகவே கீழே உட்காரும். பருத்த உடம்புள்ள சரக்குக் கப்பல் திறந்த கடலில் 8 நொட் வேகத்தில் அரை மீற்றர் இறங்கும், ஒடுங்கிய வாய்க்காலில் ஒரு மீற்றர். வேகத்தை 6 நொட்டாகக் குறைத்தால் வாய்க்காலிலும் 60 சென்ரிமீற்றருக்குள் நிற்கும். ஆனால் வாடைக்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அந்த வேகத்தில் சுக்கான் பிடிக்காது. 20 மீற்றர் அகலக் கப்பல் 2 பாகை சரிந்தால் ஒரு பக்க விளிம்பு 35 சென்ரிமீற்றர் கீழே போகும். வற்றுப்பெருக்கைக் காத்திருந்து உள்ளே எடுக்கலாமென்றால், எங்கள் கடலில் அது ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை.

ஆக 8 மீற்றர் என்பது 5,000 முதல் 7,000 தொன் கப்பலுக்கான ஆழம். 2012 கணக்கெடுப்பில் வட மாகாணச் சனத்தொகை 1,061,315. இந்தச் சந்தைக்கு அந்தக் கப்பல் பொருந்தும்.

வலிவடக்கு:

கணக்கு விளங்குது. தாய்க்கப்பல் கதையை விடுறன், அந்த 300 மைலுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. ஆனால் 8 க்கும் 16 க்கும் நடுவிலை 12 எண்டு ஒண்டு இருக்கு. 30,000 தொன் கப்பல் 180 மீற்றர் நீளம், 10 மீற்றர் அமிழும். உரம், கோதுமை, கிளிங்கர் (சீமெந்து அரைக்கிற மூலப்பொருள்) எல்லாம் அந்தச் சைஸிலைதான் உலகம் முழுக்க ஓடுது. 5,000 தொன் கப்பலிலை ஒரு தொன்னுக்கு விழுற கூலி எப்பவும் கூட. நேரை இஞ்சை இறக்கினால் கொழும்பிலை இறக்கி 400 கிலோமீற்றர் லொறியிலை ஏத்துற செலவு மிச்சம். 12 மீற்றருக்குக் கட்டுவம் எண்டு கேக்கிறன்.

கருங்கல்:

12 மீற்றர் என்றால் கல் எவ்வளவு தேவை என்று ஒருவரும் இங்கே சொல்லவில்லை. ஒரு கிலோமீற்றர் அலைதடுப்பை எடுப்போம். தண்ணீருக்கு மேலே 4 மீற்றர், மேல்தளம் 6 மீற்றர் அகலம், இரு பக்கமும் 1 க்கு 2 சரிவு. 8 மீற்றர் ஆழத்தில் நின்றால் குறுக்குவெட்டு 360 சதுர மீற்றர். 12 மீற்றரில் 608. 16 மீற்றரில் 920. கல்லுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைக் கழித்து ஒரு கன மீற்றருக்கு 1.6 தொன் என்று வைத்தால் முறையே 576,000 தொன், 973,000 தொன், 1,472,000 தொன். 20 தொன் லொறியில் 28,800 லோட், 48,600 லோட், 73,600 லோட். ஒரு நாளைக்கு நூறு லோட் தடையில்லாமல் வந்தாலும் 8 மீற்றருக்கு 288 வேலைநாள், 12 மீற்றருக்கு 486. கார்த்திகையிலிருந்து தை வரை வாடைக்கடலில் முனையில் நின்று கல் கொட்ட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரைகுறையாக நிற்கும் முனையை ஒரு புயல் அடித்தால் உள்நிரப்பல் முழுக்கக் கழுவுப்பட்டுப் போகும்.

அந்தக் கல் குடாநாட்டில் இல்லை. எங்களிடம் இருப்பது சுண்ணக்கல். 4 மீற்றர் அலைக்கு, அதே சரிவில், கருங்கல்லாக இருந்தால் மேற்கவசக் கல் ஒவ்வொன்றும் 5 தொன்னுக்குச் சற்று மேலே போதும். அடர்த்தி 2.3 உள்ள சுண்ணக்கல்லில் அதே வேலைக்கு 9 தொன்னுக்கு மேலே வேண்டும். அலையின் உயரம் 25 சதவீதம் கூடினால் கல்லின் நிறை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முனையை ஆழத்துக்குத் தள்ளத் தள்ள இதுதான் நடக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் கல் கிடையாது, கொங்கிறீற்றுக் கட்டிகளை வார்க்க வேண்டும். உள்நிரப்பலுக்கும் கருங்கல்லை வன்னியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

வலிவடக்கு:

அலைதடுப்பு முழுக்க 12 மீற்றர் ஆழத்திலை நிக்க வேணும் எண்டு நான் சொல்லேல்லை. இயற்கையாக் கிடக்கிற ஆழத்திலையே நிக்கட்டும். கப்பல் வாற வாய்க்காலையும் உள்தொட்டியையும் (அலைதடுப்புக்கு உள்ளுக்கை கப்பல் நிக்கிற நீர்ப்பரப்பு) மட்டும் 12 க்கு வெட்டலாம். உங்கடை 608 சதுர மீற்றர் முனைக்குக் கிட்டத்தான் வரும்.

கருங்கல்:

அது நியாயமான திருத்தம், ஏற்கிறேன். அப்படிச் செய்தால் வெட்டின பள்ளத்தின் விளிம்பு அலைதடுப்பின் அடிக்கல்லிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். கிட்ட வெட்டினால் அடிக்கல் பள்ளத்துக்குள் சரியும். அடிக்கல் போனால் அதன் மேலே அடுக்கியிருக்கும் கவசக் கற்கள் வரிசையாக இறங்கும். மேலே நின்று பார்க்கிறவருக்கு வெடிப்புத் தெரிகிற நேரம் கீழே பாதி போயிருக்கும். அந்தத் தள்ளலுக்கு இடம் விட்டால் உள்தொட்டி ஒடுங்கும். 180 மீற்றர்க் கப்பல் திரும்ப, இழுவைப்படகு உதவியோடும் 270 மீற்றர் விட்டம் வேண்டும், உதவி இல்லாமல் 360. 110 மீற்றர்க் கப்பலுக்கு 165 போதும். இதை வைத்து வரைபடத்தில் வட்டம் போட்டுப் பாருங்கள்.

சுண்ணக்கல்:

கல்லையும் கப்பலையும் பேசினீர்கள். வெட்டப்போகிற பாறைக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பேச வேண்டும்.

குடாநாட்டின் குடிதண்ணீரில் பெரும்பகுதி சுண்ணப்பாறைக்குள் கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிற நன்னீர். கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும் என்பது பொதுவான விதி. மட்டம் அரை மீற்றர் இறங்கினால் கீழே 20 மீற்றர் குறையும். சுண்ணப்பாறையில் வெடிப்பும் குகையும் இருப்பதால் உண்மையில் உவர் இதைவிட வேகமாக ஏறும். கீரிமலைக் கேணியைப் பாருங்கள். அலை அடிக்கிற இடத்துக்கு ஒரு மதில் தள்ளி நன்னீர் ஊற்றெடுக்கிறது. நிலத்துக்குக் கீழே குழாய் போலக் குகைகள் கடல் வரை ஓடுகின்றன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். துறைமுகம் அதற்குப் பக்கத்தில்.

கரையோரத்தில் 12 மீற்றருக்கு வெட்டும்போது மேலே மூடியிருக்கும் கெட்டித் தட்டு போய்விட்டால் அந்தக் குகைகளின் வாய் அகலும். மாரியில் நன்னீர் கூடுதலாக வெளியேறும், கோடையில் வயலுக்கு இறைக்கும்போது உவர் அதே வழியால் உள்ளே வரும். அம்பாந்தோட்டையில் நிலத்துக்குள்ளேயே குடைந்து தொட்டி எடுத்தார்கள். அந்த முறையை இங்கே யாரும் நினைத்தே பார்க்கக் கூடாது. வெடிவைப்பதும் அப்படித்தான். பல் வைத்த வெட்டுத்தலை சுழலும் டிரெட்ஜரால் (கடலடி தோண்டும் கப்பல்) மென்பாறையை அரைத்து எடுக்கலாம். கெட்டியான பட்டை வந்தால் பற்கள் மணிக்கணக்கில் தேய்ந்து போகும், ஒப்பந்தக்காரர் வெடிக்கு அனுமதி கேட்பார். அந்த வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கவே கூடாது.

வலிவடக்கு:

இதிலை உங்களோடை சண்டை பிடிக்க மாட்டன். நானும் இந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறன். கரையை வெட்டாமல் தூண் போட்டு வெளியிலை இறங்குதுறை கட்டலாம். கரையிலிருந்து பாலம், பாலத்தின்ரை முனையிலை கப்பல் கட்டுற தளம். ஆழமாக்கல் முழுக்க வெளியிலை நடக்கும்.

சுண்ணக்கல்:

தூண் முறை நல்லது. ஆனால் குகைக்கு மேலே தூண் அடித்தால் அது திடீரென்று பல மீற்றர் கீழே போகும். ஒவ்வொரு தூணின் இடத்திலும் முதலில் துளையிட்டுப் பார்க்க வேண்டும், அடி மட்டத்துக்குக் கீழே இன்னும் 10 மீற்றருக்காவது. கரையில் கீரிமலை, தையிட்டிப் பக்கக் கிணறுகளில் உவர்த்தன்மை அளக்கும் கருவியை வேலை தொடங்க ஒரு முழு வருசத்துக்கு முன்னரே இறக்க வேண்டும். மாரி, கோடை இரண்டும் பதிவாகாவிட்டால் பிறகு என்ன மாறியது என்று ஒருவராலும் நிரூபிக்க முடியாது.

மயிலிட்டிக்கரை:

தோண்டின மண்ணை எங்கை கொட்டப்போறியள் எண்டு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. சுண்ணப்பாறையை அரைச்சால் பால் மாதிரிக் கலங்கல் வரும், அது கனதூரம் போகும். முருகைக்கல்லுக்கு மேலை படிஞ்சால் அங்கை மீன் தங்காது. சிறகுவலை போடுற இடம், படகு போற வான் (பாறைகளுக்கிடையிலை உள்ள வழி) எல்லாத்தையும் வரைபடத்திலை குறிச்சுப்போட்டுக் கொட்டுற இடத்தைத் தெரியுங்கோ. சோளகம், வாடை இரண்டிலையும் நீரோட்டம் எதிரெதிர், ஒரு காலத்துக்குச் சரியான இடம் மற்றதுக்குச் சரிவராது.

ஆழமானி:

மயிலிட்டிக்கரை சொன்னது விலைக்கேள்விப் பத்திரத்திலேயே இருக்க வேண்டிய விசயம். அரைத்த பாறையைக் கரைக்குப் பம்ப் பண்ணி, பின்தளம் நிரப்பப் பாவித்தால் கடலில் கொட்டும் அளவு குறையும். வடிகிற தண்ணீரைத் தெளியவிட்டுத்தான் கடலுக்கு விட வேண்டும்.

இனி வலிவடக்கு அண்ணைக்கு. 30,000 தொன் கப்பல் வந்து கட்டுகிறது என்றே வைப்போம். எப்படி இறக்குவீர்கள்? சீமெந்து மூட்டை என்றால் கப்பலின் சொந்தக் கிரேன் ஒரு தூக்கில் ஒன்றரை முதல் 2 தொன், மணிக்கு 12 முதல் 15 தூக்கு. ஒரு கொக்கிக்கு மணிக்கு 25 தொன் கிடைத்தால் நல்ல வேலை. இரண்டு கொக்கி, 16 மணித்தியாலம், ஒரு நாளைக்கு 800 தொன். 5,000 தொன் கப்பலுக்கே ஆறு நாள் பிடிக்கும். மழை பெய்தால் ஹட்ச் (சரக்கறையின் வாய்) மூட வேண்டும், அன்று வேலை இல்லை. கொக்கி தொங்கிக்கொண்டு லொறிக்குக் காத்திருப்பதுதான் வழக்கமாக நேரத்தைத் தின்னும் இடம்: களஞ்சியம் தூரமென்றால் ஒரு கொக்கிக்கு ஐந்து லொறியாவது சுற்றில் நிற்க வேண்டும். அந்த வேகத்தில் 30,000 தொன் இறக்க 37 நாள் போகும், தாமதக் கட்டணமே சரக்கின் இலாபத்தை விழுங்கும். மூட்டையில்லாச் சரக்கை அள்ளும் கிராப், அதை வாங்கி லொறிக்கு விடும் ஹொப்பர், கன்வேயர், மூடிய களஞ்சியம் எல்லாம் இருந்தால்தான் அந்தக் கப்பலுக்கு அர்த்தம். அவ்வளவு கோதுமையையும் உரத்தையும் ஒரே தடவையில் வாங்கி வைக்க ஒரு ஆலையோ கலப்பு நிலையமோ இங்கே இருக்க வேண்டும்.

என்னிடம் கேட்டால் காசு போக வேண்டிய ஒழுங்கு இது: அலைதடுப்பின் உடைந்த பகுதி, 8 மீற்றர் ஆழம், இரண்டு இழுவைப்படகு (ஒன்று பழுதானால் துறைமுகமே மூடப்படும்), களஞ்சியம், லொறித் தராசு, பிறகு ரயில் பக்கப்பாதை. 2015 இலிருந்து காங்கேசன்துறைக்கு ரயில் வருகிறது. தண்டவாளத்தைத் துறைமுகத்துக்குள் நீட்டினால் சீமெந்து ரயிலில் வன்னிக்குப் போகும்.

வலிவடக்கு:

உந்த 37 நாள் கணக்கு மூட்டைக்குத்தான், கிராப்புக்கு இல்லை. ஆனால் ஆலை வேணும் எண்டது உண்மை. ஆலை போடுறவன் ஆழம் இருந்தால்தான் வருவன், அதையும் யோசியுங்கோ. சரி, ஒண்டு மட்டும் கேக்கிறன். 8 மீற்றருக்கே வெட்டுங்கோ. ஆனால் துளையிடுற மிதவை வந்து நிக்கிற நேரத்திலை, தை கடைசியிலிருந்து சித்திரைக்குள்ளை, 12 மீற்றர்த் தொட்டி வரக்கூடிய இடம் முழுக்கவும் துளை போட்டுப் பாறையை எடுத்து வையுங்கோ. அம்பாந்தோட்டையிலை துறைமுகம் திறந்த பிறகு வாயிலை கிடந்த பாறையை உடைக்க வேண்டி வந்தது. மிதவையைத் திரும்பக் கூப்பிடுற செலவு, துளை போடுற செலவை விடக் கூட. அலைதடுப்பின்ரை முனையையும் 270 மீற்றர் வட்டத்துக்கு வெளியிலை வையுங்கோ.

ஆழமானி:

துளைகளுக்கு நூறு வீதம் சம்மதம். முனையை 270 மீற்றருக்கு வெளியே வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது: உள்தொட்டி அகலும்போது வாடைக்கால நீண்ட அலை உள்ளே வந்து ஆடத் தொடங்கும், கயிறு அறும். துறைமுகத்தின் சிறு மாதிரியை வைத்து அலை எழுப்பும் பரிசோதனைத் தொட்டியில் இரண்டு அமைப்பையும் ஓடவிட்டு, கப்பல் கட்டும் தளத்தில் அலை அரை மீற்றருக்குக் கீழே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் உங்கள் வட்டத்துக்கு நானும் கையெழுத்துப் போடுவேன்.

கருங்கல்:

அந்தப் பரிசோதனையில் முனைக் கற்களின் நிறையையும் சேர்த்துப் பாருங்கள். முனையில் அலை சுற்றி அடிப்பதால் உடம்பைவிடக் கனமான கட்டி வேண்டும். பழுது முதலில் வருவதும் அங்கேதான்.