டிரம் ஏறுது, அடுப்பு எரியல! கோபர் கேஸ் தெரிஞ்சவங்க சொல்லுங்க

மாதவரம் மாட்டுக்காரன்:
வணக்கம். மாதவரம் பக்கம் ஆறு மாடு வெச்சிருக்கோம். 2 கன மீட்டர் கோபர் கேஸ் (சாண எரிவாயு) குழி, மேல இரும்பு டிரம் மிதக்கிற மாடல், கேஸ் சேர்ந்தா டிரம் ஏறும். நாலு மாசம் ஜோரா எரிஞ்சுது. பத்து நாளா டிரம் வழக்கம்போல ஏறுது, ஆனா பத்த வெச்சா புஸ்ஸுன்னு ஒரு சத்தம், நீலமா ஒரு நொடி, அணைஞ்சிடுது. போட்டுக் கொடுத்தவர் போன் எடுக்கல. சிலிண்டரே தேவலன்னு வீட்டுல ஆரம்பிச்சாச்சு.

பூந்தமல்லி தம்பி:
பைப்புல தண்ணி நிக்கும் அண்ணே. கேஸ்ல வர்ற ஈரம் பைப் தொங்கற இடத்துல சேர்ந்துடும். கழட்டி வடிச்சுப் பாருங்க.

மாதவரம் மாட்டுக்காரன்:
அரை சொம்பு வந்துது தம்பி. அப்புறமும் அதே கதைதான்.

பழைய சாணி:
அப்போ வர்றது கேஸ்தான், மீத்தேன் கம்மி. குழிக்குள்ள ரெண்டு கூட்டம் கிருமி வேலை செய்யுது. ஒண்ணு சாணியை அமிலமாக்கும், இன்னொண்ணு அந்த அமிலத்தைத் தின்னு மீத்தேன் விடும். ரெண்டாவது கூட்டம் ரொம்ப நோஞ்சான், அது அடிபட்டா கரியமில வாயுதான் அதிகம் வரும். டிரம் ஏறும், தீ நிக்காது. கொட்டாயை எப்படிக் கழுவறீங்க? எந்த மாட்டுக்காவது ஊசி போட்டீங்களா?

மாதவரம் மாட்டுக்காரன்:
ஈ தொல்லைன்னு மூணு வாரமா பினாயில் ஊத்தி ஹோஸ் அடிக்கிறோம். அந்தத் தண்ணி நேரா குழி வாய்க்கே போகுது, நான்தான் வாய்க்கால் வெட்டி விட்டேன்... ஒரு மாட்டுக்கு மடிநோய், டாக்டர் அஞ்சு நாள் ஆன்டிபயாடிக் போட்டார்.

பழைய சாணி:
கிருமியைக் கொல்ற மருந்தை நீங்களே ஊட்டி விட்டிருக்கீங்க! உங்க அளவுக்கு தினம் 50 கிலோ சாணி, 50 லிட்டர் தண்ணி, அவ்வளவுதான். ஹோஸ் தண்ணி போனா, நாப்பது நாள் உள்ள ஊறவேண்டிய சாணி பாதியிலயே வெளிய வந்துடும். வாய்க்காலை அடைங்க. சாணி போடறதை நிறுத்திட்டு, குழிக் கரைசல்ல நீல லிட்மஸ் தாள் வெச்சுப் பாருங்க. சிவந்தா சுண்ணாம்புத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா விடுங்க, ஒரேயடியா கொட்டாதீங்க. நல்லா ஓடுற வேற குழியிலிருந்து நாலஞ்சு குடம் கரைசல் வாங்கி ஊத்துங்க, தயிருக்கு உறை ஊத்தற மாதிரி. மருந்து போட்ட மாட்டுச் சாணி தனியா போகட்டும். இப்ப இருக்கிற கேஸை வெட்டவெளியில திறந்து விடுங்க, பக்கத்துல பீடி கூட ஆகாது.

நம்ம ஊர் வெயிலுக்குக் குழி சீக்கிரம் தேறிடும், அது ஒரு வரம்.

மாதவரம் மாட்டுக்காரன்:
(18 நாள் கழிச்சு) எரியுது! பூந்தமல்லி தம்பி வீட்டுக் குழியிலிருந்துதான் உறை. ஆனா கழிவுக் கரைசல் வழிஞ்சு தெருச் சாக்கடைக்குப் போகுதுன்னு பக்கத்து வீட்டம்மா சண்டை. கேஸை விட இதுதான் பெரிய தலைவலி.

பழைய சாணி:
மெட்ராஸ்ல மாடு வெச்சவனுக்கு இடம்தான் முட்டுக்கட்டை. ஆனா காசு அந்தக் கரைசல்லதான். கேஸ் முழுசா வந்தாலும் தினம் ஒரு கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் கம்மிதான், பதினாறு நாளைக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சம். கரைசலை மணல் தொட்டியில வடிகட்டிக் காய வைங்க, உரமா வாங்க ஆள் இருக்கு. வடிஞ்ச தண்ணியையே சாணி கரைக்க ஊத்துங்க.

கொளத்தூர் மாடித்தோட்டம்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். எங்க மாடியில நாப்பது தொட்டி இருக்கு, ஞாயித்துக்கிழமை வந்தா ரெண்டு கேன் கிடைக்குமா?

மாதவரம் மாட்டுக்காரன்:
நாலா எடுத்துக்கோங்க. கேன் மட்டும் நீங்க கொண்டாங்க, மூடி டைட்டா இருக்கட்டும்.