மாலத்தீவு ஆல் இன்க்ளூசிவ்: சீபிளேன் கட்டணத்தை மறைத்து விலை சொல்லாதீர்கள்

கணக்குப்பிள்ளை:
பக்கத்து இழையில் நீலக்கடல் எழுதியது இது: "மாலத்தீவுல ஆல் இன்க்ளூசிவ் எடுத்துட்டா பர்ஸை வீட்டிலயே வெச்சுட்டுக் கிளம்பலாம். ரூமுக்கு ஒரு ராத்திரி 500 டாலர், அவ்வளவுதான்." ஆல் இன்க்ளூசிவ் என்றால் அறையோடு சாப்பாடும் பானமும் சேர்த்து ஒரே விலை. இதை நம்பி முன்பணம் கட்டப் போவதாக அங்கே சிலர் சொல்கிறார்கள். அதனால்தான் தனி இழை.

இரண்டு பெரியவர்கள், நான்கு இரவு என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தில் தெரியும் 500 பெரும்பாலும் வரிக்கு முந்தைய விலை. அதன்மேல் 10% சேவைக் கட்டணம் போட்டால் 550. அந்த 550-க்கு மேல்தான் சுற்றுலா ஜிஎஸ்டி கணக்கிடுவார்கள், 2025 ஜூலையிலிருந்து 17%. ஆக ஓர் இரவுக்கு 643.50, நான்கு இரவுக்கு 2,574. பசுமை வரி 2025 ஜனவரியில் இரட்டிப்பாகி ரிசார்ட்டுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் ஆனது. அது 96. மொத்தம் 2,670.

இவ்வளவு கட்டியும் நீங்கள் இன்னும் மாலே விமான நிலையத்தில்தான் நிற்கிறீர்கள். ரிசார்ட் இருக்கும் தீவுக்குக் கொண்டுபோகும் சீபிளேன், அதாவது தண்ணீரில் இறங்கும் சிறு விமானம், போக வர ஆளுக்கு 500 என்று வைத்தால் இன்னொரு 1,000. கடைசிக் கணக்கு 3,670. இரண்டாயிரம் என்று நினைத்துக் கிளம்பியவர் மீதி 1,670-க்கு எங்கே போவார்?

நீலக்கடல்:
என் பேரைப் போட்டு இழை திறக்கற அளவுக்கு என்ன கோபம் சார்? வரியை நான் மறுக்கலை. எந்த புக்கிங் தளத்துலயும் பணம் கட்டற பக்கத்துல வரி சேர்ந்த விலை வந்துடும். சீபிளேனை எதுக்கு இதுல இழுக்கறீங்க? ஆல் இன்க்ளூசிவ் தீவுல காலை வெச்சதுக்கு அப்புறம் ஆரம்பிக்கறது. ஊர்லேர்ந்து மாலேக்கு வர்ற டிக்கெட்டையும் ரிசார்ட் கணக்குல எழுதுவீங்களா?

கணக்குப்பிள்ளை:
விமான டிக்கெட்டைப் பல நிறுவனங்களில் விலை பார்த்து வாங்கலாம். சீபிளேனை அப்படி வாங்க முடியுமா? ரிசார்ட் வழியாகத்தான் பதிவு, ரிசார்ட் சொல்வதுதான் விலை. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். மக்கள் குடியிருக்கும் தீவுகளுக்கு ஓடும் ஃபெரி அங்கே வராது. அறைக்குப் போக வேறு வழியே இல்லாதபோது அந்தக் கட்டணம் அறை வாடகையின் பகுதிதான். அறைக்கு நீந்திப் போகச் சொல்கிறீர்களா?

திசைகாட்டி:
சீபிளேன் பேச்சு வந்ததால் ஒன்று. கட்டணத்தைவிட நேரம்தான் ஆளை அடிக்கும். இவை கண்ணால் பார்த்து ஓட்டும் விதிகளின்படி பறப்பவை, பகலில் மட்டுமே. மாலேயில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டியே இருட்டிவிடும். அதனால் உங்கள் சர்வதேச விமானம் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் இறங்கியாக வேண்டும். அதைத் தாண்டினால் அன்றிரவு மாலே அல்லது பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் தங்கல், ரிசார்ட்டில் ஓர் இரவு பணம் கட்டியும் வீண். திரும்பும்போதும் அப்படியே. காலை ஒன்பதுக்கு முன் ஊர் திரும்பும் விமானம் என்றால் முந்தைய நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டி வரும்.

புறப்படும் நேரத்தை முந்தின நாள் மாலைதான் சொல்வார்கள். வழியில் இரண்டு மூன்று தீவுகளில் இறக்கி ஏற்றிப் போவதும் சாதாரணம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மிஞ்சினால் கிலோ கணக்கில் கட்டணம். சர்வதேச டிக்கெட்டில் 30 கிலோ இருக்கிறதே என்று கட்டிக்கொண்டு வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கணக்குப்பிள்ளை:
பார்த்தீர்களா? கூடுதல் எடைக்குத் தனிக் கட்டணம், நேரம் தப்பினால் ஓர் இரவு ஹோட்டல். எல்லாம் சீபிளேனால் வரும் செலவு. பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் இதை எதில் கட்டுவார், நீலக்கடல்?

நீலக்கடல்:
கார்டுல கட்டுவார். பர்ஸ்ங்கறது ஒரு பேச்சுக்குச் சொன்னது, அதையே பிடிச்சுத் தொங்கறீங்க. சீபிளேன் பிடிக்கலைன்னா வடக்கு மாலே, தெற்கு மாலே அட்டோல்ல, அதாவது மாலேக்குப் பக்கத்துத் தீவுக்கூட்டத்துல எடுங்க. ஸ்பீட்போட் ராத்திரியும் ஓடும். தூரத்துத் தீவுன்னா உள்நாட்டு விமானம் இருக்கு, அதுவும் இருட்டினப்புறம் பறக்கும். கான், மாமிகிலி, தரவந்தூ, ஹனிமாதூ, எத்தனை ஓடுதளம் இருக்கு! அங்கேர்ந்து போட் வந்து கூட்டிட்டுப் போகும். ஏர்போர்ட்லேர்ந்து தீவுக்குக் கூட்டிட்டுப் போற ட்ரான்ஸ்ஃபரையும் சேர்த்தே ஆல் இன்க்ளூசிவ் விலை சொல்ற ரிசார்ட்டும் உண்டு. அதை ஏன் எழுதலை? எழுதினா உங்க இழைக்குத் தலைப்பு கிடைக்காதே!

வெண்மணல்:
இருவரும் எதை ஆல் இன்க்ளூசிவ் என்கிறீர்கள் என்று முதலில் எழுதிவிட்டுப் பேசினால் நன்றாக இருக்கும். சில ரிசார்ட்டுகளில் ஒரே பெயரில் இரண்டு மூன்று நிலை விற்கிறார்கள். கீழ்நிலையில் பஃபேயும் ஹவுஸ் ஒயினும் மட்டும், மேல்நிலையில் மினிபார், சுற்றுலா, ஸ்பா வரை. நீங்கள் பேசுவது எது?

கணக்குப்பிள்ளை:
எந்த நிலையானால் என்ன மேடம், சீபிளேன் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. சேர்த்துச் சொல்லும் ரிசார்ட் உண்டு என்று நீலக்கடல் சொல்கிறார். இருக்கட்டும். அவர் எழுதிய 500 டாலரில் சேர்ந்திருந்ததா? அதற்கு மட்டும் பதில் வரவில்லை.

மீன்கொத்தி:
இத்தனை பதிவுகளில் ஒருவராவது பவளப்பாறையைப் பற்றிக் கேட்டீர்களா? மாலத்தீவுக்குப் போவதே தண்ணீருக்குள் பார்க்கத்தான். ரிசார்ட்டை எடைபோட முதல் கேள்வி: ஹவுஸ் ரீஃப், அதாவது தீவை ஒட்டிய பவளப்பாறை உண்டா, கரையிலிருந்து அதன் விளிம்பு எத்தனை மீட்டர்? விளிம்பு முப்பது நாற்பது மீட்டரில் இருந்தால் காலையில் எழுந்ததும் இறங்கலாம். பெரிய லகூனுக்கு, அதாவது ஆழமில்லாத அமைதியான கடல்பரப்புக்கு, நடுவே இருக்கும் தீவென்றால் படத்தில் பச்சை நீலமாகப் பிரமாதமாகத் தெரியும், உள்ளே வெறும் மணல். பாறையைப் பார்க்கப் படகில்தான் போக வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் தனிக் காசு. சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். கரையை ஒட்டிப் பழுப்புப் பட்டையும் அதற்கு அப்பால் சட்டென்று கருநீலமும் இருந்தால் ரீஃப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

விளிம்புக்குப் போகும் வழியையும் கேளுங்கள். ரீஃபின் மேல்தளத்தில் கடல் வற்றிய நேரம் இடுப்பளவுகூடத் தண்ணீர் இருக்காது. வெட்டிவிட்ட வழியோ ஜெட்டி படிக்கட்டோ இல்லையென்றால் வயிறு கிழியும், பவளமும் உடையும்.

நீலக்கடல்:
மீன்கொத்தி அண்ணே, 1998-லயும் 2016-லயும் கடல் சூடாகி வெளுத்துப்போன பவளத்துக்கு இவ்வளவு பில்டப்பா? பாதிப் பேர் பீச்ல படுக்கத்தான் போறாங்க. தண்ணிக்கு மேல தூண்ல நிக்கற தண்ணி வில்லா லகூன்லதான் அழகு.

மீன்கொத்தி:
வெளுத்ததெல்லாம் செத்தே போய்விட்டதா? வெப்பம் தணிந்ததும் பல இடங்களில் பவளம் திரும்ப வளர்ந்திருக்கிறது. நீரோட்டம் உள்ள கால்வாய் ஓரங்களில் நன்றாகவே இருக்கிறது. தெரியாததைப் பேசாதீர்கள். தண்ணி வில்லா இழையிலும் இதையேதான் சொன்னீர்கள், அங்கே நான் எழுதியதற்கு இன்னும் பதில் பாக்கி. தென்மேற்குப் பருவத்தில், மே முதல் அக்டோபர் வரை, மேற்குப் பார்த்த வில்லாவில் அலை அடித்து ஏணியில் இறங்கவே முடியாமல் போகும் என்றேன். "அப்படியெல்லாம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்தீர்கள்.

நீலக்கடல்:
அட்டோலுக்கு உள்பக்கம் பார்த்த வில்லான்னா அலை வராது. அதைத்தான் சொன்னேன்.

மீன்கொத்தி:
அதை அன்றைக்கே எழுதியிருக்கலாமே.

கணக்குப்பிள்ளை:
இழை திசை மாறுகிறது. வில்லா மேற்கோ கிழக்கோ, அங்கே போய்ச் சேர சீபிளேன் கட்டணம் அதேதான். விலைப் பக்கத்தை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். "கட்டாயக் கட்டணம்" அல்லது "தங்குமிடத்தில் செலுத்த வேண்டியது" என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். சீபிளேன், பசுமை வரி இரண்டும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். சில தளங்களில் முதல் பெரியவருக்கு மட்டும் கட்டணம் போட்டிருக்கும், குழந்தை கட்டணம் வேறு வரியில். பதிவு செய்யும் முன் ரிசார்ட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: மாலேயில் இறங்கியதிலிருந்து மாலேயில் ஏறும் வரை, இத்தனை பேருக்கு, வரி உட்பட மொத்தம் எவ்வளவு? ஒரே எண்ணாகப் பதில் வர வேண்டும். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் வெளியே என்று அர்த்தம்.

திசைகாட்டி:
மின்னஞ்சலில் கடிகாரத்தையும் கேட்கச் சொல்லுங்கள். நிறைய ரிசார்ட்டுகள் தீவுக்குள் மாலே நேரத்தைவிட ஒரு மணி முன்னால் கடிகாரம் வைத்திருக்கும், மாலையில் வெளிச்சம் நீடிக்க. சீபிளேன் புறப்பாடு எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நீலக்கடல்:
அதெல்லாம் ரிசார்ட்லயே பெட்டியை எடுத்து ஜெட்டில வெச்சு, ஆளையும் கூப்பிட்டு ஏத்தி விடுவாங்க. பயமுறுத்தாதீங்க.

திசைகாட்டி:
பயமுறுத்தவில்லை. கைபேசி மாலே கோபுரத்தின் நேரத்தைக் காட்டும், சுவரில் வேறு நேரம் இருக்கும். ஊரிலிருந்து விமான நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் குழம்பத்தான் செய்வார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொள்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

வெண்மணல்:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பரவாயில்லை, நானே எழுதுகிறேன். எது சேரும், எது சேராது என்று எழுத்தில் வாங்க வேண்டியவை பல. மினிபார் நாளுக்கு ஒருமுறைதான் நிரப்புவார்களா, எடுக்க எடுக்க நிரப்புவார்களா? ஒயின் கோப்பையாக மட்டும்தானா? பஃபே தவிர மற்ற உணவகங்களில் முழுவதும் இலவசமா, அல்லது குறிப்பிட்ட தொகை கழித்து மீதியை நாம் கட்ட வேண்டுமா? இறாலும் லாப்ஸ்டரும் பெரும்பாலும் கூடுதல் கட்டணம். கயாக், பேடில் போர்டு சேரும், ஜெட் ஸ்கீ சேராது. மிதந்தபடி கடலடியைப் பார்க்கும் ஸ்நார்க்கல் கண்ணாடியும் காலில் மாட்டும் துடுப்பும் சில இடங்களில் வாடகைக்குத்தான். முக்கியமாக, பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்த பிறகு சாப்பாடும் பானமும் தொடருமா? சீபிளேன் நான்கு மணிக்கு என்றால் இடையில் ஒரு மதிய உணவு இருக்கிறது, அந்த ஒரு வேளைக்கே நல்ல பில் வரும்.

கணக்குப்பிள்ளை:
மேடம் கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். அதுவும் சீபிளேன் நேரத்தால் வருவதுதான்!

நீலக்கடல்:
மழை பெஞ்சாக்கூட சீபிளேன்தான் காரணம்னு சொல்லுவீங்க போல.

பாய்மரம்:
புதிதாகச் சேர்ந்தவன். டியூட்டி ஃப்ரீயில் பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டால் ஆல் இன்க்ளூசிவே தேவையில்லை, காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்த அரை போர்டு போதும் என்கிறார்களே?

திசைகாட்டி:
தம்பி, அதைச் செய்யாதீர்கள். மாலத்தீவுக்குள் மது கொண்டுபோகவே கூடாது. சுங்கத்தில் ஸ்கேனில் தெரியும், எடுத்து வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம். குடியிருப்புத் தீவுகளில் விற்பனையும் கிடையாது. ரிசார்ட்டில் ரிசார்ட் விலைதான், அதற்கும் மேலே சேவைக் கட்டணமும் வரியும்.

நீலக்கடல்:
அதான் நானும் சொல்றேன். குடிக்கறவங்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் லாபம். ரெண்டு பேர் ஒரு நாளைக்கு நாலஞ்சு காக்டெய்ல், மதியம் ராத்திரி சாப்பாடு, தண்ணி பாட்டில்னு தனித்தனியா கட்டிப் பாருங்க, அரை போர்டுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தை சாயந்திரத்துக்குள்ள தாண்டிடும். இதை யாராவது ஒத்துக்கறீங்களா?

மீன்கொத்தி:
குடிக்காதவருக்கு? நாள் முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பவருக்கு? அவருக்கு அரை போர்டும், படகு டைவிங் பேக்கேஜும்தான் சரி. எல்லோருக்கும் ஒரே அளவுகோலா?

நீலக்கடல்:
எல்லாருக்கும்னு நான் சொல்லலையே.

கணக்குப்பிள்ளை:
"அவ்வளவுதான்" என்று சொன்னீர்கள். 500 டாலர், அவ்வளவுதான். மேலே உங்கள் வரி அப்படியே இருக்கிறது. இத்தனை பதிவு போட்டும் அந்த 500-இல் சீபிளேன் உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை உங்களிடமிருந்து வரவில்லை. வடக்கு மாலே என்றீர்கள், ஸ்பீட்போட் என்றீர்கள். அந்த ஸ்பீட்போட்டுக்கும் பல ரிசார்ட்டுகள் தனியாகத்தான் வாங்குகின்றன, அதையும் நீங்கள் சொல்லவில்லை.

நீலக்கடல்:
அந்த 500 ஸ்பீட்போட் தீவு விலை சார். சீபிளேனே கிடையாது அதுல. இப்ப என்ன பண்ணுவீங்க?

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் எந்த அட்டோல் என்று அந்த இழையிலேயே எழுதியிருக்க வேண்டும். அங்கே கேள்வி கேட்டவர் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா ரே என்ற பெரிய திருக்கை மீனைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாகக் கேட்டார். அது பா அட்டோல். மாலேக்குப் பக்கத்திலா இருக்கிறது அது? அங்குள்ள ரிசார்ட்டுகளுக்குப் பெரும்பாலும் தரவந்தூ வரை உள்நாட்டு விமானம், இல்லையென்றால் சீபிளேன். இரண்டுக்கும் காசு உண்டு. அவருக்கு வடக்கு மாலே தீவின் விலையைக் காட்டி "அவ்வளவுதான்" என்றால், நான் இழை திறக்காமல் என்ன செய்வது?

மீன்கொத்தி:
மாண்டா பார்க்கப் போகிறவருக்கு யாராவது பருவம் சொன்னீர்களா? மே முதல் நவம்பர் வரைதான். அங்கே டைவிங் கிடையாது, ஸ்நார்க்கல் மட்டும், ஆட்களுக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. அந்தப் பயணம் ஆல் இன்க்ளூசிவில் சேருமா என்றுதான் அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

நீலக்கடல்:
அதுவும் என் தப்பா அண்ணே?

வெண்மணல்:
அந்தக் கேள்வி கேட்டவர் எந்த மாதம் போகிறார் என்றாவது யாருக்காவது தெரியுமா?

கணக்குப்பிள்ளை:
மாதம் எதுவானாலும் சீபிளேன் கட்டணம் உண்டு. நீலக்கடல் அந்த இழைக்குப் போய்த் தன் பதிவில் அட்டோல் பெயரையும் ட்ரான்ஸ்ஃபர் கட்டணத்தையும் சேர்த்து எழுதட்டும். அதுவரை இந்த இழையை மேலே தூக்கிக்கொண்டே இருப்பேன்.