"கூட யாரு வந்திருக்காங்க?": வியாசர்பாடி மில்லு தாத்தா

மில்லு தாத்தா போன மாசம் தவறிட்டார். பேரைச் சொன்னா பாதிப் பேருக்குத் தெரியாது, மில்லு தாத்தான்னாதான் தெரியும். அவரோட பழகினவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க. நான் ஆரம்பிக்கிறேன், நீங்களும் எழுதுங்க.

2019 மார்ச். எனக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடந்துட்டிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆட்டோ பிடிச்சு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீட்டுப் போடணும், ஈசிஜி எடுக்க ஸ்ட்ரெச்சரைத் தள்ளணும், அம்மா ஒரு பக்கம் அழுதுட்டு இருக்காங்க. "கூட யாரு வந்திருக்காங்க?"ன்னு நர்ஸம்மா கேட்டாங்க. எனக்கு வாயே வரலை. "நான் இருக்கேம்மா"ன்னு பின்னாடி ஒரு குரல். எங்க தெருவுல ஆட்டோ சத்தம் கேட்டு எழுந்து, விசாரிச்சு, அந்த நேரத்துல சைக்கிளை மிதிச்சு வந்திருக்கார்.

கையில அதே மஞ்சப்பை. பேனா, வெள்ளைத்தாள், சில்வர் டம்ளர், துண்டு, கொஞ்சம் சில்லறை. நாலு ராத்திரி வராண்டாவுல துண்டை விரிச்சுப் படுத்தார். "நீ போய் பரீட்சை எழுது நைனா, அப்பனை நான் பாத்துக்கறேன்."

ஸ்டான்லியை அவர் ஸ்டான்லின்னு சொல்லி நான் கேட்டதில்லை. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிம்பார். 1782 பஞ்சத்துல பசிச்சு வந்தவங்களுக்குக் கஞ்சி ஊத்தின இடம். அதுலேர்ந்து வளர்ந்ததுதான் இந்த ஆஸ்பத்திரின்னு அந்த வராண்டாவுல உட்கார்ந்துதான் எனக்குச் சொன்னார். பயத்துல இருந்த பையனுக்கு ஏதாவது பேச்சு கொடுக்கணும்னு நினைச்சிருப்பார். அப்பா இப்போ நல்லா இருக்கார்.

* * *

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதறேன். என் ரெண்டாவது பிரசவத்துல ரத்தம் தேவைப்பட்டுச்சு. தாத்தா நேரா போய் கையை நீட்டியிருக்கார். 65 வயசுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு அவர் முகம் வாடினது எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் கண்ணுல நிக்குது. உடனே முல்லை நகர் மைதானத்துக்குப் போய், ஃபுட்பால் ஆடிட்டிருந்த பசங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்துட்டார். வர்ற வழியில கடையில உட்கார வெச்சு இட்லி வாங்கிக் கொடுத்தாராம். வெறும் வயித்தோட ரத்தம் கொடுக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும்.

* * *

2023 மிக்ஜாம் புயல். இடுப்பளவு தண்ணி, கரண்ட் இல்லை, பால் இல்லை. எங்கம்மாவுக்கு அன்னைக்கு டயாலிசிஸ். வண்டி எதுவும் உள்ளே வராது. தாத்தா மீன் ஏத்தற மூணு சக்கர மீன்பாடி வண்டி ஒண்ணைக் கொண்டு வந்து, அம்மாவை பிளாஸ்டிக் சேரோட தூக்கி வெச்சு, பசங்களோட சேர்ந்து தள்ளினார். அப்போ அவருக்கு எழுபதுக்கு மேல.

* * *

நான் அவரோட பொண்ணு. எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்.

1996-ல பின்னி மில்லை மூடினப்போ நான் ஏழாவது. அப்பாவுக்குத் தறியைத் தவிர வேற வேலை தெரியாது. காசிமேட்டுல மீன்பாடி வண்டி ஓட்டினார். விடியக்காலையில போயிட்டு வந்து, சோப்பு போட்டுக் குளிச்சிட்டுத்தான் எங்களைத் தொடுவார். அப்புறம் எனக்குத் தலைவாரி ரெட்டைப் பின்னல் போட்டு ஸ்கூல்ல விடுவார். தறியில நூல் பிடிச்ச கை, பின்னல் ஒரு முடி கலையாது.

அவர் மேல எனக்குக் கோபமும் இருந்துச்சு. ஒரு தீபாவளி ராத்திரி, யாருக்கோ துணையா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார், நாங்க பட்டாசைப் பிரிக்காம உட்கார்ந்திருந்தோம். அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்நேரமானாலும் பையில டம்ளரைக் கழுவி வைக்கிறது அவங்கதான். எங்க மூணு பேர் படிப்புக்கோ சாப்பாட்டுக்கோ அவர் எந்தக் குறையும் வைக்கலைங்கறதையும் நான் சொல்லியாகணும்.

ஒரு உதவி வேணும். அவர் பையில ஒரு நோட்டு இருந்துச்சு. மாசாமாசம் மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டியவங்க மூணு பேரை எழுதி வெச்சிருக்கார். ரெண்டு பேரைத் தேடிப் பிடிச்சு அண்ணன் கொடுத்துட்டு வந்துட்டார். மூணாவதா, "எருக்கஞ்சேரி, மாடிப்படி ஆயா, சுகர் மாத்திரை, 12-ஆம் தேதி"ன்னு மட்டும் இருக்கு. இன்னைக்கு 10. அந்த ஆயா யாருன்னு தெரிஞ்சவங்க உடனே எழுதுங்க.